வெண்கலவனின் இடது கை

"வெண்கலவன் ஏன் இடது கையில் மட்டும் உறை போடுகிறார்?"

பத்திரிகையில் அச்சுப்பிழை திருத்தும் மெய்ப்பாளர், வாசகர் கேள்வியாக வந்திருந்த அந்த அட்டையை இரண்டு தடவை படித்தார். பிழை எதுவும் இல்லை. அதற்கு மேல் அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பதில் எழுதுய்யா," என்றார் ஆசிரியர்.

"நானா சார்?"

"பின்னே நானா? கேள்வி பதில் பாத்துக்கிட்டிருந்தவன் வேற பத்திரிகைக்கு ஓடிட்டான். வெண்கலவனை ஆரம்பத்துலேருந்து ஒரு இதழ் விடாம மூணு மூணு தடவ படிச்சவன் இந்த ஆபீஸ்ல நீ ஒருத்தன்தான்."

அது உண்மை. 'வெண்கலவன்' படக்கதை வார இதழில் அச்சான எல்லா வரியையும் அவர் படித்திருந்தார். முதல் மெய்ப்பு, இரண்டாம் மெய்ப்பு, அச்சுக்குப் போகும் முன் இன்னொரு தடவை. ஒற்று பார்த்தார், புள்ளி பார்த்தார். கதை பார்க்கவில்லை. வெண்கலவன் பறப்பாரா நடப்பாரா என்று கேட்டால், 'பறப்பார்' என்பதற்கு வல்லின றகரம் என்று வேண்டுமானால் சொல்வார்.

இதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஆசிரியர் முந்திக்கொண்டார்.

"பிழை பாக்கத்தான் கம்ப்யூட்டர் இருக்கே, இந்த ஆள் எதுக்குன்னு முதலாளி என்னைத் துளைக்கிறார். இந்தப் பக்கத்தையும் நீ பாத்துக்கிட்டா உன்னை வெச்சுக்க எனக்கு ஒரு சாக்கு கிடைக்கும்."

மெய்ப்பாளர் வாயை மூடிக்கொண்டார்.

பழைய இதழ் ஒன்றை எடுத்துப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே ஓர் அச்சுப்பிழை. அவர் விட்டது. மறுபக்கத்தில் இன்னொன்று. மனம் விட்டுப்போய் மூடி வைத்தார். பதிலைச் சொந்தமாகவே எழுதினார்.

'வெண்கலவனின் உடல் முழுவதும் வெண்கலமாக மாறியபோது இடது கை மட்டும் மாறவில்லை. அது சாதாரணக் கை. காயம் படாமலிருக்க உறை.'

திரும்பப் படித்தார். பிழை இல்லை.

அடுத்த வாரம் கூரியர்காரர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே எங்கும் நுழைகிற மனிதர். வழக்கம்போல் கதாசிரியையின் தடித்த கவரை மேசைமேல் போட்டார். கதையை எழுதுவதும் படம் வரைவதும் அந்த அம்மாள்தான். வீட்டைவிட்டு வெளியே வர மாட்டார், போனை எடுக்க மாட்டார். கவர் மட்டும் வாரம் தவறாமல் வரும்.

கவரின் மேல் ஓர் அட்டையையும் வைத்தார் கூரியர்காரர். 'அப்படியானால் அறுபத்திரண்டாம் இதழில் அதே இடது கையால் எரிமலைக் குழம்பை அள்ளியது எப்படி? இப்படிக்கு, கேள்விப்புலி.'

"அள்ளினாரா?" என்றார் மெய்ப்பாளர்.

"அள்ளினார் சார்," என்றார் கூரியர்காரர். "ரெண்டு வாளி."

மெய்ப்பாளர் சாயங்காலம்வரை யோசித்து எழுதினார். 'அள்ளியவர் வெண்கலவன் அல்ல. அவருடன் பிறந்த இரட்டைத் தம்பி.'

இதழ் வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி படித்தாள்.

"ஏங்க, வெண்கலவனுக்குத் தம்பி இருக்கானா?"

"இருக்கான்."

"எப்பலேருந்து?"

"போன வாரத்துலேருந்து."

கேள்விப்புலி விடவில்லை. 'ஒன்பதாம் இதழில் வெண்கலவனின் தாய் உயிர் விடும்போது, எனக்கு நீ ஒரே பிள்ளை என்று அழுதாரே. சாகும்போது பொய் சொன்னாரா?'

செத்தவரைப் பொய்யராக்க மெய்ப்பாளருக்கு மனம் வரவில்லை. 'அவர் வளர்ப்புத் தாய். பெற்ற தாய் வேறு' என்று எழுதினார்.

அந்த வார இதழைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏங்க, உங்க தம்பி கதையில வந்துட்டான்!"

"என் தம்பியா?"

"வெண்கலவன் தம்பிங்க! மலையைப் பொளந்துக்கிட்டு வர்றான் பாருங்க. நீங்க இதைத் திருத்தலையா?"

"திருத்தினேனே. 'பிளந்து' பக்கத்துல ஒரு கமா அதிகமா இருந்துது."

ஆசிரியரும் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"நீ உளறினதை அந்த அம்மா கதையிலயே சேத்து நம்ம மானத்தைக் காப்பாத்தியிருக்காங்க. வெளிய சொல்லலைன்னாலும் உள்ளுக்குள்ள எப்படிக் கொதிப்பாங்க! போங்கடா நீங்களும் உங்க பத்திரிகையும்னு அவங்க பேனாவ மூடி வெச்சா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன சார் ஆகும்?"

"பத்திரிகை பேரே வெண்கலவன்யா!"

அடுத்த அட்டையில் ஒரே வரிதான் இருந்தது. 'பெற்ற தாய் யார்?'

இந்தத் தடவை மெய்ப்பாளர் எச்சரிக்கையாக இருந்தார். புதிதாக யாரையும் உண்டாக்கக் கூடாது. கதையில் ஏற்கெனவே வருகிற பெயர்களில், தனக்கு எழுத்து நிச்சயமாகத் தெரிந்த பெண் பெயர் ஒன்றை எடுத்தார். 'அமிலராணி' என்று எழுதினார்.

இதழ் வெளியான அன்று ஆபீஸில் போன் அடித்து ஓயவில்லை. ஆசிரியர் ஒரு போனைக் காதிலும் ஒன்றைக் கையிலும் பிடித்தபடி வந்தார்.

"எண்பதாம் இதழ்ல வெண்கலவனுக்கும் அமிலராணிக்கும் கல்யாணம் ஆச்சேய்யா!"

"கல்யாணமா?"

"சிறப்பிதழ்! நடுப்பக்கம் முழுக்க ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு நிக்கறாங்க!"

மெய்ப்பாளருக்கு மெல்ல நினைவு வந்தது. நடுப்பக்கம். பக்க எண் விட்டுப்போயிருந்தது. போடச் சொன்னார்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டது தம்பின்னு போட்டுடலாம் சார்."

ஆசிரியர் இரண்டு போனையும் மேசைமேல் வைத்தார்.

"இரட்டைப் பிள்ளைங்கன்னா ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாதான்யா."

"ஆமா சார். அது ஒரு சிக்கல்."

"இங்க பாரு. கேள்விப்புலியோட அட்டையும் வந்தாச்சு, 'பெற்ற தாயையா மணந்தார்?'னு. அந்த வாயை அடைக்கிற மாதிரி ஒரு பதில் எழுது. அடுத்த வாரம் அட்டை வரக் கூடாது. வந்துதுன்னா, அந்த அட்டையை எடுத்துக்கிட்டு நீ அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்."

வீட்டில் மெய்ப்பாளர் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்க," என்றாள் மனைவி.

"அவனுக்கு அம்மா இருந்தது இல்லைன்னு ஆக்கணும்."

"அம்மா இல்லாம எவன் பொறந்திருக்கான்? சிலைக்குத்தான் அம்மா கிடையாது."

மெய்ப்பாளர் எழுந்து போய்க் கை கழுவினார்.

'வெண்கலவன் எழுபத்தொன்பதாம் இதழிலேயே இறந்துவிட்டார். அதன் பிறகு நீங்கள் பார்ப்பது, ஊர் நடுவில் அவருக்கு வைத்த சிலை. இருவரும் வெண்கலம் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சிலைக்குத் தாய் கிடையாது. ஆகவே கல்யாணத்தில் தவறில்லை.'

அடுத்த வாரம் கூரியர்காரர் வரும் நேரத்துக்கு ஆசிரியரும் வந்து மேசையருகே நின்றுகொண்டார். கூரியர்காரர் கவரை வைத்தார். மெலிந்த கவர். அதன் மேல் ஒன்றும் இல்லை.

"அட்டை?" என்றார் ஆசிரியர்.

"இன்னிக்கு அட்டை இல்ல சார்."

"பைக்குள்ள நல்லாப் பாருங்க."

"இல்ல சார்."

ஆசிரியர் மெய்ப்பாளரைக் கட்டிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"சாதிச்சுட்டய்யா! முதலாளிகிட்ட நேத்தே பேசிட்டேன். இனிமே இந்தப் பத்திரிகை இருக்கிற வரைக்கும் உன் வேலைக்கு ஆபத்து கிடையாது. இரு, டீ சொல்றேன்."

அவர் உள்ளே போனார். மெய்ப்பாளர் நிதானமாகக் கவரைப் பிரித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். ஊர் நடுவே வெண்கலவன் கைகளைக் கட்டி நின்றார். அடுத்த கட்டத்திலும் அப்படியே நின்றார். அதற்கடுத்த கட்டத்தில் அவர் தலைமேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அடியில் 'முற்றும்' என்று இருந்தது. நடுவில் இரண்டு எழுத்தும் வல்லின றகரம். சரியாக இருந்தது. மெய்ப்பாளர் டிக் அடித்தார்.

கூரியர்காரர் இன்னும் போகவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவருக்கு வழுக்கை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வரேன் சார். இனிமே இந்தப் பக்கம் எனக்கு வேலை இருக்காது."

"ஏன், கேள்விப்புலி ஊரை விட்டே போயிட்டாரா?" என்று சிரித்தார் மெய்ப்பாளர்.

"கேள்விப்புலியே நம்ம கதை எழுதற அம்மாதானே சார், 'இத எப்படி முடிக்கிறதுன்னு தெரியாம வருஷக்கணக்கா முழிச்சுக்கிட்டிருந்தேன், அந்த மகராசன் முடிச்சுக் குடுத்துட்டார்'னு உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."