வில்லை போட்ட மாப்பிள்ளை

இந்த வருஷச் சாரலுக்கு என் மாமனார் வீட்டு வண்டி தென்காசிக்குள் நுழையக் கூடாது. வில்லையைத் தொட்டுச் சபதம் செய்தேன்.

என்ன வில்லை என்கிறீர்களா? நான் ஜீவகாருண்ய சங்கத்து ஏஜெண்டு. மார்பில் பித்தளை வில்லை. ரோட்டில் எந்த மாட்டுவண்டியையும் நிறுத்தலாம். பாரம் கூடுதலா, இறக்கச் சொல்லலாம். நுகத்தைத் தூக்கி மாட்டின் கழுத்தைப் பார்க்கலாம். புண் இருந்தால் வண்டிக்காரனை மாஜிஸ்திரேட்டு முன்னால் நிறுத்தலாம். என்னைக் கண்டால் வண்டிக்காரர்கள் சந்துக்குள் பாய்வார்கள். எனக்குப் பயப்படாத ஜீவன் ஊரில் ஒன்றுதான். அது என் வீட்டில் இருக்கிறது. பெயர் சொக்கம்மாள்.

சொக்கு நல்லவள். கோளாறெல்லாம் சாரல் காலத்தில்தான். குற்றாலத்தில் அருவி விழுந்ததும் வடகரையிலிருந்து அவள் பிறந்த வீடே வந்து என் வீட்டில் விழும். அருவி வற்றினாலும் அவர்கள் வற்றமாட்டார்கள். நானும் அவளும் மட்டும் ஐந்தருவிக்குப் போனதே இல்லை. போன சாரலில் அவள் கை என்று நினைத்து நான் பிடித்தது மாமனார் கையை.

என் திட்டம் இதுதான். வண்டியை நிறுத்துவது. பாரம் கூடுதல், பாதி ஆள் இறங்கு என்பது. மாமா ரோஷக்காரர், வண்டியைத் திருப்பிவிடுவார். கொல்லையில் நின்று ஒத்திகை பார்த்தேன். "நிறுத்து வண்டியை!"

"யாரை நிறுத்துதிய?" பின்னால் சொக்கு.

"சும்மா, உத்தியோகப் பழக்கம்."

"ஏங்க, புண்ணு உள்ள மாடு அகப்பட்டா என்ன செய்விய?"

சட்டத்தைக் கேட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "அங்கனயே அவுத்துருவேன். புண்ணு ஆறுத வரைக்கும் பூட்ட விடமாட்டேன்."

"சொந்தக்காரங்க மாடா இருந்தா?"

"சட்டத்துக்கு ஏதுட்டி சொந்தக்காரன்?"

"அது போதும்" என்று உள்ளே போய்விட்டாள். எது போதும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வண்டி வந்தது. ஊர் எல்லைப் புளியமரத்தடியில் மறித்தேன். மாமா ஆவுடையப்பன், அத்தை, கொழுந்தியாள்கள், அரிசி மூட்டை, அதற்கு மேலே பலாப்பழங்கள்.

"என்ன மாப்ளே, கூட்டிட்டுப் போவ வந்தியளாக்கும்?"

"இல்ல மாமா. பாரம் கூடுதல். பாதி ஆள் இறங்கணும்."

மாமாவின் மீசை துடித்தது. "எங்கிட்டேயே சட்டமா? இந்தா, வண்டியைத் திருப்புதேன்!"

ஆஹா! எனக்குள் ஐந்தருவியும் ஒரே சமயத்தில் விழுந்தது.

"அப்பா, பொறுங்க" என்று ஒரு குரல். இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு சொக்கு. "ஏங்க, பாரத்தைப் பாத்திய. கழுத்தைப் பாக்கலியே?"

நுகத்தைத் தூக்கினேன். செவலைக் காளையின் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஈ மொய்த்தது. துண்டால் ஈயை விரட்டினேன். நான் பொல்லாத மருமகனாக இருக்கலாம். ஏஜெண்டு நிஜம்.

"அவுத்து விடுங்க மாமா, மாட்டை! புண்ணு ஆறுத வரைக்கும் இதை எவனும் பூட்டக் கூடாது!"

மாமா தலைகுனிந்தார். கர்ஜித்த பெருமையில் நான் மீசையைத் தடவினேன்.

"அப்போ வண்டி திரும்பிப் போவாதுல்லா?" என்றாள் சொக்கு, மெதுவாக.

என் கை மீசையிலேயே நின்றது. "வாடகை வண்டி பிடிச்சுத் தாரேன்!"

"உங்க வாசலுக்கு எந்த வண்டிக்காரன் வருவான்?"

ரோட்டைப் பார்த்தேன். எதிரே வந்த வண்டி ஒன்று என் வில்லையைக் கண்டதும் வயலில் இறங்கி ஓடிற்று.

அப்புறம் என்ன? இறக்கின பாரத்தை யாராவது சுமக்க வேண்டுமே. பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். மார்பில் வில்லை, அதன்மேல் பலாப்பால்.

தினமும் எல்லோரும் அருவிக்குப் போனார்கள். நான் கொல்லையில் செவலைக்கு வேப்பெண்ணெய் தடவி, காக்கை புண்ணைக் கொத்தாமல் விசிறியோடு காவல் இருந்தேன்.

ஒரு சாயங்காலம் சொக்கு ஈரத் தலையோடு வந்து செவலையின் நெற்றியைத் தடவினாள்.

"கன்னுக்குட்டியா இருக்கையில இருந்து நான் வளர்த்தது. ஓய்வு குடுங்கன்னு அப்பாட்ட எத்தனை மட்டம் சொல்லிவிட்டேன், கேக்கல. ஏஜெண்டு சொன்னாத்தான் கேப்பாக. அதான், செவலையவே பூட்டிட்டு வாங்கன்னு அம்மாவுக்கு ஆள் விட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"மாமனார் மாடுன்னு விட்டுருப்பிய."

அவள் கண் கலங்கியிருந்தது. என்னத்தைக் கோபப்பட? விசிறியை அவள் பக்கமும் கொஞ்சம் வீசினேன்.

புண் ஆறியது. சாரலும் நின்றது. நுகத்தில் பழந்துணி சுற்றி நானே பூட்டினேன். அரிசியும் பலாப்பழமும் தீர்ந்துபோனதில் வண்டியில் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. சொக்கு ஏறிக்கொண்டாள்.

"செவலையைக் கொண்டுவிட்டுட்டு வருவோம். திரும்பி வாரப்ப நாம ரெண்டு பேருதான்."

ரெண்டு பேர்! உடனே நானும் காலைத் தூக்கினேன்.

"நீங்க ஏறாதிய! பாரம் கூடிரும். ஏஜெண்டு வீட்டு வண்டியே சட்டத்தை மீறலாமா?"

வடகரை வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். நான் சுணங்கும்போதெல்லாம் சொக்கு எட்டிப் பார்த்து ஒரு முறுக்கை நீட்டினாள். செவலைக்கு வைக்கோலையும் அப்படித்தான் நீட்டுவாள்.