கபினியைக் காவிரி ஆக்கிய கதை

யார் பேசினாலும் மனதுக்குள் வெட்டிக்கொண்டே கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. மைசூரில் ஒரு கன்னட நாளிதழில் பல வருடங்களாகத் துணை ஆசிரியர் வேலை. நிருபர் நாற்பது வரி அனுப்பினால் பன்னிரண்டாகச் சுருக்க வேண்டும், தகவல் பிழையைத் திருத்த வேண்டும், முக்கியமானதை மேலே ஏற்ற வேண்டும். (கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரின் எதிரிலேயே பேனாவை எடுத்து, இரண்டு தாய்மாமன்களை அடித்துவிட்டு, 'இப்ப நல்லா இருக்கு' என்றவள் நான்.) அலுவலகத்தில் இதைத் திறமை என்பார்கள். தேர்வு அறையில் இதற்கு வேறு பெயர் உண்டு என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

அக்கா மகள் நித்யா அப்போது பத்தாம் வகுப்பு. விஜயநகரில் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே அரசு உயர்நிலைப் பள்ளி, கன்னட வழி. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு. புத்தகத்தை மூக்கில் ஒட்டவைத்துப் படித்துவிடுவாள். எழுதத்தான் முடியாது; பத்து வரிக்குள் கண்ணில் நீர் கொட்டும். இப்படிப்பட்ட பிள்ளைகள் சொல்லச் சொல்லத் தேர்வில் எழுத ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். ஸ்க்ரைப் என்பார்கள். மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. சட்டம், விதி எல்லாம் எனக்கு மனப்பாடம். அதைப் பற்றிய முழுப்பக்கக் கட்டுரையை அரைப்பக்கமாக்கியதே நான்தான்.

சிக்கல் தலைமை ஆசிரியரிடம் இருந்தது. கெட்டவர் இல்லை, பயந்தவர். "சர்ட்டிபிகேட் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா பக்கத்துல உட்கார்றவங்க தாங்களே பதில் எழுதிட்டா? காப்பி கேஸுன்னு பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப்போகும்" என்றார். (பள்ளியில் பேச்செல்லாம் கன்னடத்தில்தான். தமிழில் தருகிறேன்.) விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை மாலைக்குள் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் நித்யா பொதுத்தேர்வைக் கண்ணீரும் கையுமாகத்தான் எழுத வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பள்ளிக்கு வரும் சிறப்பு ஆசிரியை பாரதி ஒரு வழி சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் சமூக அறிவியலில் ஒரு மாதிரித் தேர்வு. ஸ்க்ரைப் எப்படி வேலை செய்கிறார் என்று தலைமை ஆசிரியர் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும். எழுத வேண்டிய ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு அன்று பார்த்துக் காய்ச்சல். அக்கா எனக்குப் போன் செய்தாள். "உனக்கு எழுதறதுதானே வேலை, வந்து ரெண்டு மணி நேரம் எழுதிக்குடுடி" என்றாள். பாரதி மேடம் வாசலிலேயே என்னை நிறுத்தி ஒரே ஒரு விதியைச் சொன்னார்: "அவ சொல்றது மட்டும். ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், ஒரு வார்த்தை குறையவும் வேண்டாம்."

"தெரியும் மேடம்" என்றேன். (தெரியும்தான். கைக்குத் தெரியவில்லை.)

முதல் கேள்வி மண் அரிப்பு. நித்யா ஆரம்பித்தாள்: "மண் அரிப்புன்னா மழைத்தண்ணி மேல்மண்ணை அடிச்சுக்கிட்டுப் போறது. குண்டலுபேட்டையில எங்க பெரியப்பா வயல்ல போன வருஷம் வரப்போட போயிடுச்சு. அவர் ரெண்டு நாள் சாப்பிடலை."

பெரியப்பாவை வெட்டினேன். செய்திக்கு அவர் தேவைப்படவில்லை. மூன்றாவது கேள்விக்குள் துணைத்தலைப்புகள் போட ஆரம்பித்திருந்தேன். ஆறாவதில், "கிருஷ்ணராஜசாகர் அணை கபினி ஆத்துக்குக் குறுக்கே இருக்கு" என்றாள். என் பேனா ஒரு நொடி நின்று, காவிரி என்று எழுதிவிட்டு நகர்ந்தது. தப்பான தகவல் அச்சேறினால் மறுநாள் 'வருந்துகிறோம்' போடுவது யார்?

சட்டம் கூடுதலாகக் கொடுத்த நாற்பது நிமிடத்தையும் மிச்சம் பிடித்து முடித்தேன். தாள் கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. தலைமை ஆசிரியர் வந்து வாங்கிப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"நித்யா, கிருஷ்ணராஜசாகர் எந்த ஆத்துல கட்டியிருக்காங்க?"

"கபினி சார்" என்றாள், துளி சந்தேகமில்லாமல். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊரே போய்ப் பார்த்துவிட்டு வரும் அணை!

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் பயந்தது இதுக்குத்தான்" என்று மட்டும் சொன்னார். விண்ணப்பத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார்.

"சித்தி, நான் சொன்னதைப் படி" என்றாள் நித்யா. மண் அரிப்பைப் படித்தேன். ஐந்து வரி.

"பெரியப்பா எங்க?"

"இடம் இல்ல கண்ணு..."

"சொந்த ஊர் உதாரணம் குடுத்தா ஒரு மார்க் உண்டு" என்றார் பாரதி மேடம், என்னைப் பார்க்காமல். "ஸ்க்ரைப் ஒரு வகுப்பு கீழே படிக்கணும்னு விதி ஏன் வெச்சிருக்காங்கன்னு இப்ப புரியுதா? இவளுக்காக இல்லை. உங்களை மாதிரி ஆளுங்களுக்காக."

என் அரைப்பக்கக் கட்டுரையில் அந்த விதியையும் திருத்திப் போட்டவளே நான்தான் என்பதை அங்கே சொல்லிக்கொள்ளவில்லை.

நித்யா அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து நின்றாள். "சார், தப்பு என்னோடது. மார்க் போனா என் மார்க் போகட்டும். சித்தி அதை எடுத்துக்கிட்டுத் தன்னோடதை வெச்சுட்டா, அதுக்கு நான் என்ன பண்றது? நீங்களே எழுதுங்க, நான் மறுபடி சொல்றேன்."

"நானா?"

"ஆமா சார். மூணு கேள்வி. அப்புறமும் நம்பிக்கை வரலேன்னா விண்ணப்பம் வேண்டாம்."

அவர் மறுக்க வாயைத் திறந்தார். பாரதி மேடம் அதற்குள் வெள்ளைத்தாளை நீட்டிவிட்டார். இருபது வருடம் சமூக அறிவியல் நடத்திய மனிதர், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மண் அரிப்பு வந்தது. பெரியப்பா வந்தார், பட்டினி கிடந்தார். தலைமை ஆசிரியர் தலையைத் தூக்கினார். "அப்புறம் அந்த வயல் என்ன ஆச்சும்மா?"

"சார், ஸ்க்ரைப் பேசக்கூடாது."

அடுத்து அணை. "இப்ப காவிரின்னு சொன்னா அது சித்தி பதில். நான் முதல்ல சொன்னதே இருக்கட்டும், கபினி."

தலைமை ஆசிரியர் தாளையே பார்த்தார்.

"சார், பேனா நின்னுடுச்சு."

அவர் கன்னம் சிவந்தது. விளக்கெண்ணெய் குடிப்பவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு கபினி என்று எழுதினார். பிறகு பேனாவை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கே கை கேட்கலையே! பாவம், அந்தம்மாவைச் சொல்லி என்ன பண்றது?"

மூன்றில் இரண்டுக்கு மதிப்பெண், கபினிக்குப் பூஜ்யம். அதை அவரே சிவப்பு மையில் போட்டார். அதே பேனாவால் விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, இது போதாதென்று நீலத்தில் இன்னொன்று போட்டார். வட்டாரக் கல்வி அலுவலகம் மூடுவதற்குள் பாரதி மேடத்தை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும் பொறுப்பு எனக்கு. பொதுத்தேர்வை அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதிக்கொடுத்தாள். நித்யா முதல் வகுப்பில் தேறினாள்.

இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஸ்க்ரைப்களைத் தானே நேர்காணல் செய்து பொறுக்குகிறாள். சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. ஒரு பச்சைப் பொய்யைச் சொல்லி எழுதச் சொல்வாள். கண்ணை மூடிக்கொண்டு பேனாவின் சத்தத்தை மட்டும் கேட்பாள். நின்றால் ஆள் அவுட்.

தீபாவளிக்கு அக்கா வீட்டில் கூடும்போது எனக்கும் இந்தத் தேர்வு உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் தாளும் பேனாவும் வந்துவிடும். கொள்ளேகால் உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். போன முறை கொடுத்த வாக்கியம்: "சாமுண்டி மலை மண்டியாவில் இருக்கிறது, அதன் உச்சியில் கடல் தெரியும்." மல்லுக்கட்டி மண்டியாவைத் தாண்டிவிட்டேன். உச்சிக்கும் ஏறிவிட்டேன்.

"நின்னுடுச்சு!" என்று வீடே கத்தியது.

கடல் வரை போக இன்னும் எத்தனை தீபாவளி ஆகுமோ.