நான் கழுவிய பன்னிரண்டு புட்டிகள்

எனக்குச் சுத்தம் என்றால் பயம். வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். அதுவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்துத் தேய்க்கலாம் என்று தோன்றும்போதே, 'வேண்டாமப்பா, கீழே வை' என்று உள்ளே யாரோ சொல்கிற மாதிரி இருக்கும். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான், யாரும் ஏவாமல், முழு மனதோடு சுத்தம் செய்தேன். அதில் ஒரு ஊர் கெட்டது.

அப்போது யுத்த காலம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் (பள்ளிக்கூடம்தான் உன்னை விட்டது என்பாள் அக்கா). குண்டக்கல்லில் ரயில் பயணிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஹூப்ளியில் ஒரு ஓட்டலில் மாவாட்டினேன். சிக்மகளூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் மலேரியா வந்து, சாகாமல் இறங்கி வந்தேன். எந்த இடத்திலும் எட்டு மாதம் தாண்டியதில்லை. கடைசியில் பெங்களூர் நீலசந்திராவில் அக்கா வீட்டில் வந்து விழுந்தேன். ஒரே அறையில் ஆறு பேர் இருந்தார்கள். நான் ஏழாவது. காலை நீட்டினால் யார் மேலாவது படும் என்பதால் முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகினேன்.

அக்கா புருஷன் கொத்தனார். அவர் வேலை பார்த்த இடங்களில் ஒன்று ஒரு டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட். (பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது, பெயர் அவர்களுடையது.) அங்கே ஆராய்ச்சிப் பகுதியில் அட்டெண்டர் வேலை காலி என்று கேள்விப்பட்டு என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். தற்காலிக வேலைதான். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் என்றார்கள். நான் ஒழுங்காக இருப்பேன் என்று மாமா வாக்குக் கொடுத்தார். அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பகுதிக்குத் தலைவர் ராவ் என்கிற டாக்டர். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். யுத்தத்தால் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் கிடைக்காமல் போனதால், புங்க எண்ணெயில் எஞ்சின் ஓட்டலாம் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் புங்க மரம். ஆனேக்கல் பக்கத்துக் கிராமங்கள் பன்னிரண்டோடு இன்ஸ்டிட்யூட் ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. ஒவ்வொரு ஊரும் தன் செக்கில் ஆட்டிய எண்ணெயை ஒரு புட்டி அனுப்ப வேண்டும். எந்த ஊர் எண்ணெய் சோதனையில் முதலாவதாக வருகிறதோ, அந்த ஊருக்கு ஒரு எஞ்சினும் தண்ணீர் இறைக்கும் பம்பும் கொடுப்பார்கள். மற்ற ஊர்களுக்கு அவரவர் எண்ணெயில் என்ன குறை, எப்படித் திருத்துவது என்று தனித்தனியாகக் கடிதம் போகும். ராவ் நல்ல மனிதர். கடிதங்களை எப்படி எழுதுவது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

புட்டிகள் வண்டியில் வந்தன, பஸ்ஸில் வந்தன. ஒன்று மட்டும் நடந்து வந்தது. சந்தாபுராவுக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கிருந்து முனியப்பா என்கிறவர், பஸ் வராததால், பதினைந்து மைலுக்கு மேல் புட்டியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வாங்கி வைத்தவன் நான். தண்ணீர் கொடுத்தேன். இரண்டு சொம்பு குடித்தார்.

"எங்க ஊர்ல தண்ணி இல்லேன்னு சொல்ல மாட்டேன் தம்பி," என்றார். "கெணறு பள்ளத்துல இருக்கு. வயல் மேட்டுல இருக்கு. ரெண்டுக்கும் ஜன்மத்துல பேச்சுவார்த்தை இல்ல. ஏத்தம் எறைச்சு எறைச்சு எங்கப்பாவுக்கு முதுகு போச்சு. இப்ப எனக்குப் போயிட்டிருக்கு. இந்த எஞ்சின் வந்தா என் பையனுக்கு மிச்சமாகும்."

போகும்போது இடுப்பு மடியிலிருந்து வேர்க்கடலை எடுத்து என் கையில் கொட்டினார்.

அடுத்த மாதம் ஆயுத பூஜை வந்தது. ராவ் லீவில் மைசூர் போயிருந்தார். பூஜைக்கு முன்னால் கருவிகளையெல்லாம் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரே மாதம்தான் பாக்கி. தராசைத் துடைத்தேன், அடுப்பைத் துடைத்தேன், கண்ணாடிக் குழாய்களைத் துடைத்தேன். ஆசை அடங்கவில்லை. அலமாரியில் பன்னிரண்டு புட்டிகள், வெளியெல்லாம் எண்ணெய் வழிந்து, தூசி ஒட்டி, பார்க்கச் சகிக்காமல் நின்றன. சாமி கண்ணில் இது படலாமா? மூடிகளை இறுக்கி, வெந்நீரில் சீயக்காய் கரைத்து, பன்னிரண்டையும் தொட்டியில் போட்டு ஊறவிட்டேன். பிறகு தேங்காய் நாரால் தேய்த்து, வராந்தா வெயிலில் காயவைத்து, துணியால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். பன்னிரண்டு மணப்பெண்கள் மாதிரி இருந்தன. சற்று விலகி நின்று ரசித்தேன்.

தொட்டித் தண்ணீரைக் கொட்டப் போனபோதுதான், மேலே மிதந்த காகிதங்களைப் பார்த்தேன். எந்தப் புட்டி எந்த ஊர் என்று ராவ் கைப்பட எழுதி, மைதாப் பசையால் ஒட்டிய பன்னிரண்டு சீட்டுகள். எழுத்துகூட அழியவில்லை. (நல்ல மை. சீமை மை.)

சீட்டு இருக்கிறது, புட்டி இருக்கிறது, எது எதற்கு என்பதுதான் இல்லை. புட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி. எண்ணெய்கள் எல்லாம் ஒரே பழுப்பு. மூடியைத் திறந்து பன்னிரண்டையும் முகர்ந்தேன். புங்க எண்ணெய் பன்னிரண்டு விதமாக நாறாது என்பது ஆராய்ச்சியில் நான் கண்டுபிடித்த ஒரே உண்மை.

டாக்டர் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். சொன்னால் ஊர் ஊராக மறுபடி புட்டி வரும். வேலை போகும். முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்குகிற அந்த மூலையும் போகும். அரைமணி நேரம் யோசித்தேன். பிறகு சீட்டுகளை ஜன்னலில் காயவைத்துப் பசை காய்ச்சினேன். பதினொரு சீட்டுகளைக் கைக்கு வந்தபடி ஒட்டினேன். ஒன்றை மட்டும் யோசித்து ஒட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே தெளிவான எண்ணெய்க்கு முனியப்பாவின் ஊர்ச்சீட்டைக் கொடுத்தேன். திருட்டு வேலையிலும் தர்மம் செய்தவன் நான் என்று அன்றைக்கு எனக்கு ஒரு திருப்தி.

லீவு முடிந்து வந்த ராவ் புட்டிகளைப் பார்த்து, இந்த அறை இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை என்றார். மறுமாதம் என்னை நிரந்தரமாக்க எழுதினார். இரண்டு மாதம் உட்கார்ந்து எண்ணெய்களைச் சோதித்தார். முனியப்பாவின் ஊர் முதலாவது. கடிதங்கள் போயின. செக்கில் ஆட்டும்போது தண்ணீர் தெளிக்காதீர்கள், அந்த ஈரம் எஞ்சினுக்கு ஆகாது என்று ஒரு ஊருக்குப் போன கடிதத்தை நான்தான் தபாலில் சேர்த்தேன். அந்த ஊர்க்காரர்கள் செக்கில் தண்ணீரே தெளிப்பதில்லை. ரோஷம் வந்து, கொட்டையை எல்லாம் வயலுக்கு எருவாகப் போட்டுவிட்டு, பதிலே எழுதாமல் விட்டார்கள். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று ராவ் பல நாள் வருத்தப்பட்டார். நானும் கூடவே நின்று வருத்தப்பட்டேன்.

முனியப்பா ஒரு மூட்டை அவரைக்காயோடு வந்தார். டாக்டருக்குப் பாதி, எனக்குப் பாதி.

"எனக்கு எதுக்குங்க?" என்றேன்.

"நீ என்னா பண்ணினேன்னு எனக்குத் தெரியாது. ஆனா புட்டியக் கையில வாங்கினவன் நீதானே? கைராசி தம்பி."

அக்கா அவரைக்காய்க் குழம்பு வைத்தாள். வேலையும் நிரந்தரம், வெகுமதியும் வருகிறது என்று மாமா இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். என் பங்கையும் அவர் தட்டிலேயே தள்ளினேன்.

அடுத்த கோடையில் அந்த ஊரே திரண்டு புங்கங்காய் பொறுக்கியது. முதலாவது வந்த ஊர் என்பதால் அவர்கள் எதையும் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி யாரும் எழுதவும் இல்லை. வழக்கம்போல் செக்கில் தாராளமாகத் தண்ணீர் தெளித்து ஆட்டினார்கள். லாரியில் எஞ்சினை ஏற்றிக்கொண்டு நாங்கள் போன அன்று கிணற்றடியில் பந்தல். வாழை மரம். ரெவின்யூ அதிகாரிகளுக்கு நாற்காலி. எஞ்சினுக்குச் செவ்வந்தி மாலை. தகர டின்களில் எண்ணெயை முனியப்பாவே திறந்து காட்டினார். கலங்கலாக இருந்தது. செக்கடியிலிருந்து வண்டியில் வந்ததால் கலங்கியிருக்கும் என்று ராவ் சொன்னார். அதிகாரிகள் வந்து உட்கார்ந்துவிட்டதால் சோதித்துப் பார்க்க நேரமில்லை. எனக்குச் சோதனையே தேவைப்படவில்லை. டின்னைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

முதலில் கொஞ்சம் மண்ணெண்ணெயில்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கிளம்பியது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. மேட்டு வாய்க்காலில் அது ஓடியதைப் பார்த்து ஜனங்கள் கூடவே ஓடினார்கள். ஒரு பெண் கைநிறைய அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டாள். ஐந்து நிமிஷம் இருக்கும். ராவ் எஞ்சினின் எண்ணெய்க் குழாயைப் புங்க எண்ணெய்க்குத் திருப்பினார். எஞ்சின் இருமியது. கரும்புகை கக்கி, மாலையைப் பொசுக்கி, நின்றது. மூன்று தடவை கழற்றிக் கழுவி மாட்டினோம். (கழுவினவன் நான்தான்.) மூன்று தடவையும் நின்றது.

ராவ் கையோடு கொண்டுவந்திருந்த சாமான்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார். பிறகு முனியப்பாவைக் கூப்பிட்டு, அதிகாரிகள் முன்னால், மெதுவாகத்தான் கேட்டார்:

"அன்றைக்குக் கொடுத்த புட்டி எந்த ஊர் எண்ணெய்? எங்கே வாங்கினீர்கள்?"

முனியப்பாவுக்குக் கேள்வி புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் ஊர்ஜனங்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. முன்னால் போய், ஆயுத பூஜை, சீயக்காய், தொட்டி, பசை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அதிகாரிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். ராவ் சிரிக்கவில்லை.

"எதை வைத்து ஒட்டினாய்?" என்றார்.

"கலரைப் பார்த்துங்க."

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். எஞ்சினை லாரியில் ஏற்றச் சொன்னார். பன்னிரண்டு ஊரும் புதிதாக எண்ணெய் கொடுத்து, புதிதாகச் சோதித்து முடிவு செய்கிறவரை அது யாருக்கும் சொந்தமில்லை என்று அதிகாரிகளும் சொல்லிவிட்டார்கள். ஏற்றும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். மறுபக்கம் முனியப்பா பிடித்தார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ நல்லதுன்னு நெனச்சுத்தான் ஒட்டினே," என்றார். "எஞ்சின் வரலேன்னா பரவால்ல தம்பி. தண்ணிய ஏன் காட்டினீங்க?"

எனக்கு வேலை போனது. அது நியாயம். மறு சோதனைக்குள் யுத்தம் முடிந்து, மண்ணெண்ணெய் மறுபடி வர ஆரம்பித்து, புங்க எண்ணெய்த் திட்டத்தைக் கட்டி மேலே வைத்துவிட்டார்கள். எஞ்சின் எந்த ஊருக்கும் போகவில்லை. நான் கோலாருக்குப் போனேன், அப்புறம் சேலம், அப்புறம் கல்யாணமாகிப் பெங்களூருக்கே திரும்பினேன். முதல் ராத்திரியே மனைவியிடம் இந்தக் கதையைச் சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. பெரியவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் பெயர்ச்சீட்டுக் கட்டியிருந்தார்கள். நான் தூக்கப் போனேன். "சிஸ்டர், இவர்கிட்ட மட்டும் குடுக்காதீங்க. குளிப்பாட்டினாருன்னா யார் புள்ளன்னே தெரியாது," என்றாள். வார்டே சிரித்தது.

பிள்ளைகளுக்கு வேறொரு விளையாட்டு இருக்கிறது. ஓசூருக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம், கண்டக்டர் சந்தாபுரா என்று குரல் கொடுப்பதற்கு முன்னாலேயே சின்னவள் என் தோளை இடிப்பாள். "அப்பா, வந்துடுச்சு, தூங்குங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பிறகு துண்டை முகத்தில் போட்டுக்கொள்வேன். யாராவது பஸ்ஸில் ஏறி, ஆளை அடையாளம் கண்டு, "சௌக்கியமா தம்பி?" என்று கேட்டுவிடுவார்களோ என்று, அத்திப்பள்ளி தாண்டுகிறவரை எடுப்பதில்லை.