காரக்கடலையும் ஒட்டு நோட்டும்

கோபம் என்ற சரக்கைக் கடவுள் முதன்முதலில் தயாரித்தபோது, முதல் மூட்டையை அப்படியே சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்கு அனுப்பி, ஒரே ஆள் தலையில் இறக்கிவிட்டார் என்பது என் தீர்மானமான கருத்து. அந்தத் தலைமேல் ஏற்கெனவே ஒரு மரத்தட்டு இருந்தது. தட்டில் காரம் போட்டு வறுத்த கடலை, அவித்த கொண்டைக்கடலை, பட்டாணி, முறுக்கு. ஊர் முழுவதும் அவரை மலாயில் 'கச்சாங் பூத்தே', அதாவது வெள்ளைக் கடலை, என்று கூப்பிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் காரக்கடலை. சொந்தப் பெயரைக் கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. ஜாலான் புசார் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த தமிழ்ப் பள்ளியில் நான் புது வாத்தியார். பிள்ளைகள் பயப்படட்டும் என்று மீசை வளர்க்க முயன்றேன். மீசை என்னைவிடப் பயந்த சுபாவம், வெளியே வரவேயில்லை.

வருஷக் கடைசியில் பிள்ளைகள் பழைய நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், காரக்கடலை அதில் ஒரு தாளைக் கிழித்துச் சுருட்டி, அதிலேயே கடலை போட்டுத் தருவார். கடலை இலவசம். கூடவே வரும் திட்டும் இலவசம்.

"எவன் வீட்டுப் புள்ளைடா நீ? பாதி நோட்டு வெள்ளையாக் கிடக்கு! உங்கப்பன் என்ன, ரப்பர் தோட்டத்துக்கு முதலாளியா?"

பள்ளி திறக்கும் முன் பெற்றோர்கள் நோட்டும் பென்சிலும் வாங்கக் கடைக்கு வருவார்கள் அல்லவா, அப்போது அவருக்கு உச்சம். கடை வாசலில் தட்டை இறக்கிவைத்து, பையோடு வெளியே வருகிறவர்களையெல்லாம் பிடித்துக்கொள்வார். "போன வருஷ நோட்டுல எழுத இடமில்லாமத்தான் புதுசு வாங்கினியா? காட்டு பாப்போம்!" இந்தச் சண்டையை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். கூடிய கூட்டம் கடைக்குள் நுழையும். வியாபாரத்தைப் பெருக்க வந்த புண்ணியவான் என்று நினைத்து, சீன முதலாளி அவருக்குத் தினமும் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

நானும் தப்பவில்லை. "சிவப்பு மையா வாங்கிக் குமிச்சிருக்கே? தப்புக் கண்டுபுடிக்கத்தான் சம்பளமா வாத்தியாரே?"

என் வகுப்பில் பெஞ்சுக்கு ஒரு மைக்கூடு. ஒரு ரப்பரை பிளேடால் நறுக்கிப் பக்கத்துப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவனிடம் கலர் பென்சில் இருந்தால் அன்றைக்கு எல்லோருடைய வானமும் நீலம். ஆனால் நோட்டை நறுக்க முடியாதே. அந்த ஜனவரியில் ராணி என்ற பெண் நோட்டே இல்லாமல் வந்து உட்கார்ந்தாள். துறைமுகத்தில் மூட்டை விழுந்து அவளுடைய அப்பாவுக்குக் கால் ஒடிந்திருந்தது. கரும்பலகையைப் பார்த்து, விரலால் தொடைமேல் எழுதிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் வாய் வழியே செய்தி, பள்ளி வாசலில் கடலை விற்றுக்கொண்டிருந்தவர் காதுக்குப் போயிற்று. காரக்கடலை என்ன செய்தார்? சேர்த்து வைத்திருந்த நோட்டுகளிலிருந்து வெள்ளைத் தாள்களைப் பிரித்து, கோணி ஊசியால் தைத்து ஒரு நோட்டு செய்தார். ஒற்றைக்கோடு, இரட்டைக்கோடு, கட்டம் எல்லாம் கலந்து கிடந்த அதற்கு ஒட்டு நோட்டு என்று பெயர். கடலை எண்ணெய் வாசனை வேறு.

அதோடு நின்றாரா? பாடம் நடக்கும்போது நேராக உள்ளே வந்தார்.

"எது அந்த நோட்டில்லாத புள்ளை? எந்திரி! இந்தா, புடி! இந்த ஆளை நம்பிக்கிட்டு உக்காந்திருக்காதே!"

'இந்த ஆள்' சாக்பீசும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். வகுப்பு சிரித்தது. ராணி நிமிரவேயில்லை.

மறுநாள் காலை பள்ளி வாசலில் அவளுடைய அம்மா அந்த நோட்டைக் கடலைத் தட்டுமேல் விட்டெறிந்தார்.

"ஊரைக் கூட்டித்தான் குடுப்பியாய்யா? எம்புருஷனுக்குக் கால்தான் ஒடிஞ்சிருக்கு. மானம் ஒடியல. இனிமே அவ வரமாட்டா. புள்ளை பாத்துக்கிற வேலைக்கு விடப்போறேன்."

உலகத்தையே திட்டிய மனிதர் நோட்டை எடுத்துத் தட்டுக்கு அடியில் செருகினார். அந்த அம்மா போன பிறகுதான் சத்தம் வந்தது, அதுவும் என்மேல்.

"கூறுகெட்டவன் நான் கத்திக்கிட்டு உள்ள வந்தா, கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ள வேணாமாய்யா?"

"தள்ளணும்னுதான் அண்ணே நெனச்சேன். பயமா இருந்துச்சு."

"பயமாம்! இவரு பாடம் நடத்துறாராம்!"

அன்று இடைவேளையில் வாசலில் ஒரு பிரகடனம் கேட்டது: "ஒட்டு நோட்டு வச்சிருக்கிறவனுக்குத்தான் இனிமே காரக்கடலை. மத்தவன் அவிச்சதைத் தின்னு!"

அவித்த கடலை தின்பவன் ஆண்பிள்ளையே இல்லை என்பது எங்கள் பள்ளியின் எழுதாத சட்டம். பெண்பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான். இரண்டே நாளில் வீடுகளில் கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய நோட்டெல்லாம் வெளியே வந்தது. தைத்துத் தள்ளியதில் சணல், தூண்டில் நரம்பு, ஷூ கயிறு எதுவும் மிஞ்சவில்லை. புது நோட்டுகள் வீட்டில் தூங்க, என் வகுப்பு முழுக்க ஒட்டு நோட்டு. கணக்கைக் கட்டத்தில் ஆரம்பித்து இரட்டைக்கோட்டில் முடித்தார்கள். திருத்தித் திருத்தி எனக்குக் கண் கோணிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை பெற்றோர் படையெடுத்து வந்தார்கள். நான் வீரத்தோடு தூணுக்குப் பின்னால் நின்றேன். முன்னால் வந்த துணிக்கடைக்காரர் வாசலில் காரக்கடலையைப் பிடித்துக்கொண்டார்.

"கடை கடையா ஏறி நல்ல நோட்டா வாங்கியிருக்கேன். என் பையன் குப்பை நோட்டுதான் வேணும்னு அழறான். என்னா லா இது?"

"அந்தப் புது நோட்டை அடுத்த வருஷம் குடு. வெள்ளைத்தாள் என்ன ஊசிப்போற பண்டமா?"

கைகலப்பு வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிய சமயத்தில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராணியின் அம்மா வந்தார். பின்னாலேயே ராணி.

"எல்லாப் புள்ளையும் வச்சிருக்கு. எம்புள்ளைக்கு மட்டும் எங்கய்யா?"

"உனக்குத்தான் வேணாம்னியே!"

"அன்னிக்கு அது பிச்சை. இன்னிக்கு அது ஸ்கூல் நோட்டு. குடுய்யா!"

"மெதுவாப் பேசும்மா. உள்ள பள்ளிக்கூடம் நடக்குது" என்றார், அதுவரை மெதுவாக ஒரு வார்த்தை பேசியறியாத அந்த மனிதர். தட்டுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து, யாருக்கும் தெரியாமல் ராணி கையில் வைத்தார். அவள் உள்ளே ஓடினாள்.

கூட்டம் கலைந்ததும் நான் போய் நின்றேன். தட்டில் கடலை சுருட்ட ஒரு தாள்கூட இல்லை. இனி எந்தப் பிள்ளை பழைய நோட்டைக் கொடுக்கும்?

"வெக்கமில்லாம தூணுக்குப் பின்னாடி நின்னுட்டு, இப்பக் கடலை கேக்குதா? கையை நீட்டுய்யா."

இரண்டு கைகளையும் நீட்டினேன். வறுத்த சூட்டோடு நிறைய நிறையக் கொட்டினார். உள்ளங்கை பொசுங்கியது. ஆனாலும் ஒன்றைக்கூடக் கீழே விட மனம் வரவில்லை.