நான் சாகப்போவதில்லை, வண்டியைத் திருப்பித் தரவும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. நலம். சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நீங்களும் அக்காவும் என் வண்டியில் நலமாகச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

போன வாரக் கடிதத்தில் அழுகை அதிகம், விளக்கம் குறைவு. பெயிண்ட் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்தில் ரசாயனம் மரபணுவை எவ்வளவு கிழித்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. ஒப்பிட, ஆரோக்கியமான ஓர் ஆளின் ரத்தம் வேண்டும். அந்த ஆள் நான்தான். செல்லைப் பிரித்து, ஸ்லைடு என்ற கண்ணாடித் தகட்டில் பரப்பி மின்சாரம் பாய்ச்சினால் நல்ல செல் உருண்டையாக நிற்கும், மரபணு அறுந்த செல்லுக்கு வால்நட்சத்திரம் போல வால் முளைக்கும். தொழிலாளர்களுக்குக் குட்டி வால். எனக்கு அனுமார் வால். மூன்று வருஷம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களோடு புழங்கியவன் வேறென்ன நினைப்பான்? அதிலும் அதே நஞ்சு என்று கருகிய ரொட்டியை நிறுத்தினேன், பாதிச் சவரத்தில் நுரை டப்பாவைத் தூக்கிப் போட்டேன், உங்களுக்கு எழுதினேன்: எனக்குப் பின் மோட்டார் சைக்கிள் உங்களுக்கு, சாவி வண்டியிலேயே இருக்கிறது என்று. 'எனக்குப் பின்' என்றால் என்ன அர்த்தம் அத்தான்? மூன்றாம் நாளே ஷெட் காலி. பாடை கட்டும் வரைகூடப் பொறுக்கவில்லை. அக்காவாவது அழுவாள் என்று பார்த்தால், போன் பண்ணிச் சட்டை அளவு கேட்கிறாள். "இனிமே எனக்கு எதுக்குக்கா சட்டை?" என்றேன் தழுதழுத்து. "கிழிஞ்சதப் போட்டுக்கிட்டுத் திரியிறியே, அதுக்குத்தான்" என்று வைத்துவிட்டாள். என்ன நெஞ்சழுத்தம்!

நேற்று தாங்காமல் பேராசிரியையிடம் சொன்னேன். என் செல்களின் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ்வளவு சேதம்னா நீ இங்க நின்னு என் நேரத்த வீணாக்கிட்டிருக்க மாட்ட. போய் மறுபடி ரத்தம் குடு." கொடுத்தேன். இன்று பார்த்தால் அத்தனையும் உருண்டை, முத்து முத்தாக. "அன்னைக்கு ஸ்லைட எங்க வச்ச?" என்றார். கண்ணாடிப் பெட்டிக்குள், என்றேன். அப்போதுதான் குடுவை கழுவும் அம்மா வாயைத் திறந்தார். "தம்பி சாப்பிடப் போச்சு. நான்தான் பெட்டிக்குள்ள நீல லைட்டப் போட்டு வச்சேன். கிருமி செத்துடும்னு தம்பிதானே சொல்லிக் குடுத்துச்சு." அந்தப் புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்வதே மரபணுவைச் சிதைத்துத்தான், என்னுடையதற்கு மட்டும் சலுகை காட்டுமா? முக்கால் மணி நேரம் வெந்திருக்கின்றன என் செல்கள். சொல்லிக் கொடுத்தவனும் நான், வால் முளைத்தவனும் நான். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கும்பிட்டேன். "ஒரு குடுவை கீறினாலே கத்துவியே, இன்னிக்கு என்னப்பா ஆச்சு?" என்று மிரண்டு கையை உருவிக்கொண்டார். வெளியே வந்து ஒரு கருகிய ரொட்டி வாங்கித் தின்றேன். அமிர்தம்.

ஆகவே வண்டியைத் திருப்பித் தரவும், பெட்ரோல் நிரப்பி. கோபமில்லை, உயிர் திரும்பியவனுக்குக் கோபம் வராது. அக்காவுக்கு அன்பு, சட்டை அளவு நாற்பது. சின்னவளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
நீண்ட காலம் இருக்கப்போகும் மைத்துனன்

பி.கு.: தபால்தலை தேடி ஆய்வகக் கோட்டுப் பையில் கைவிட்டேன். போன வாரக் கடிதம் ஒட்டியபடி அப்படியே உள்ளே இருக்கிறது. மேலே உங்களையும் அக்காவையும் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். ஒன்றே ஒன்று அத்தான்: அப்படியானால் என் வண்டியை எடுத்துப் போனது யார்?