ராஜா நெற்றியில் ஒரு மரு

போச்சு. கலந்துபோச்சு.

உள்ளங்கையில் இரண்டு வெள்ளிக் காசுகள். ஒன்று தம்பியுடையது, இன்னொன்று பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தையுடையது. எது யாருடையது? சில்லறைக்குத் தெரியவில்லை. பழங்காசு சேர்க்கும் பைத்தியம் முற்றியதால் இந்தப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வீட்டார் வைத்த பெயர் அது.

அத்தை கழிவறைக்குப் போகும்போது, "இதைக் கொஞ்சம் பிடிடி. தொறந்து கிறந்து பார்த்துடாதே" என்று காசுப் பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். பார்க்காதே என்றால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? தம்பி கழுத்துப் பையில் இருந்ததையும் சில்லறை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து அப்பா திரும்பினார். பயத்தில் கை மூடிக்கொண்டது. திறந்தால் இந்த நிலைமை.

கூடம் பிதுங்கியது. எல்லாரும் வில்லுச் சாமி என்ற சாமியாரைப் பார்க்க வந்தவர்கள். சாமி கொடுப்பது பார்த்தியக் காசு. ஈராயிரம் வருஷத்துக்கு முன் பாரசீகத்தை ஆண்ட பார்த்திய ராஜாக்கள் அடித்ததாம். முன்பக்கம் தாடி ராஜா. பின்பக்கம் வில்லோடு உட்கார்ந்திருக்கும் ஆள், சுற்றிலும் கிரேக்க எழுத்து. அந்த வில்லாளி நோயைக் குறிபார்த்து அடிப்பான். மூட்டுவலியா, ஒரு அம்பு. சர்க்கரையா, ஒரு அம்பு. மாமியாரா? அதற்கு மட்டும் சாமி தனியாக நேரம் ஒதுக்குவார்.

நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு காசும் ஒருவருக்கென்றே பிறந்தது, அதற்கு உலகத்தில் ஜோடி கிடையாது. பிறர் கண்ணில் பட்டால் அம்பு உன் பக்கமே திரும்பிவிடும். அப்புறம், வீட்டிலிருக்கும் மருந்தையெல்லாம் வாசல் தகரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். தம்பியின் இன்ஹேலரை அப்பா போட்டு ஒரு வாரமாகிறது. அவன் நெஞ்சு பழைய துருத்திபோல விசிலடித்துக்கொண்டிருந்தது.

அத்தை வந்தாள். "குடுடி."

"அத்தை... இதுல உங்களோடது எது?"

"அடிப்பாவி!"

"என்னத்தைடி பண்ணித் தொலைச்சே?" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

சத்தம் சாமிக்கு எட்டியது. "பதறாதே தாயே. உன் காசு உன்கிட்ட பேசும்."

அத்தை இரண்டையும் மாறி மாறிக் காதில் வைத்தாள். "ஒண்ணும் பேசலையே சாமி."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தம்பி இருமினான். இருமிவிட்டு மூச்சுக்குத் தவித்தான். சில்லறைக்கு வாய் தானாகத் திறந்தது.

"சாமி, ரெண்டுலயும் ராஜா நெத்தியில ஒரே இடத்துல மரு இருக்கு."

சாமி குலுங்கிச் சிரித்தார். "அது ராஜ வம்சத்து மரு, குழந்தே. காசுலயும் மறைக்காமப் போட்டுக்குவாங்க."

அது சரிதான், சில பார்த்திய ராஜாக்கள் அப்படித்தான். நூலகப் புத்தகத்தில் அவளும் படித்திருந்தாள். சாமியும் படிக்கிறவர்தான் போல.

"சரி சாமி. வில்லாளி முதுகுக்குப் பின்னால விளிம்புல ஒரு விரிசல் இருக்கே, ரெண்டுலயும் ஒரே மாதிரி. அதுவும் வம்சத்துல வந்ததா?"

சாமியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்தக் காலத்துல ஒவ்வொரு வெள்ளித் துண்டா முத்திரை மேல வச்சு, சுத்தியால அடிச்சாங்க. முகம் ஒண்ணா இருக்கலாம். விளிம்பு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரிதான் பிளக்கும். விரிசலும் ஒண்ணுன்னா, ஒரு காசை அச்செடுத்து ஊத்தினதுதான்." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "யாரும் யாருக்கும் காட்ட வேண்டாம். அவங்கவங்க காசை அவங்கவங்களே பாருங்க."

கூட்டமே ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குனிந்தது.

"எனக்கு இருக்கு" என்றார் பஸ் கண்டக்டர்.

"எனக்கும்" என்றார் கணக்கு வாத்தியார்.

மருந்துக்கடைக்காரருக்கும் இருந்தது. அவர் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

சாமி தியானத்துக்கு எழுந்தார். தியானம் பின்வாசல் பக்கம் இருந்தது போலிருக்கிறது. கண்டக்டர் குறுக்கே நின்றார். "இன்னும் ஸ்டாப் வரலை சாமி. உக்காருங்க."

உள்ளறையில் புகுந்தவர்கள் களிமண் அச்சையும் ஈயக் கட்டியையும் தூக்கி வந்தார்கள். அப்பா தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் துழாவி இன்ஹேலரை எடுத்தார். தம்பி இரண்டு தடவை இழுத்தான். விசில் அடங்கியது. சில்லறைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா அவளைக் கூச்சத்தோடு பார்த்தார். "ஏம்மா, அச்செடுக்கணும்னா ஒரு அசல் காசு இருந்திருக்கணுமே?"

"இருந்திருக்கும்ப்பா."

சொல்லியிருக்கக் கூடாது.

"அப்போ அது எங்கேடா?" என்று அத்தை சாமியின் சட்டையைப் பிடித்தாள். "எங்களுக்குப் போலியைக் குடுத்துட்டு, நோயை அடிக்கிற அசலை நீ வச்சுக்கிட்டியா?"

"அசலை எடு!" என்று கூடமே கத்தியது. அப்பாவும் கத்தினார். கத்திக்கொண்டே பெட்டியை நிமிர்த்தி, இன்ஹேலரை மறுபடி உள்ளே போடப் போனார். சில்லறை பாய்ந்து பிடுங்கித் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

காசு போலி என்று காட்ட ஒரு விரிசல் போதுமாயிருந்தது. அசலேயானாலும் காசு எப்படி மூச்சுவிட வைக்கும் என்று கேட்க, இத்தனை தலைகளில் ஒன்றுக்குமா தோன்றவில்லை?