பொருள் எண் 31: பழைய இரும்பு அலமாரி, சாவி இல்லை

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் உடலளவில் நலம். மனதளவில் உன் அக்கா மட்டும் நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். ஆகவே நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்துகொள். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்.

போன மாதம் நீ போனில், "அத்தான், வீட்டை விக்கப் போறேன், உங்ககிட்ட குடுத்து வச்ச பத்திரம் இருபதாம் தேதிக்குள்ள வேணும்" என்றாய். "பூட்டின இடத்துல இருக்கு, கவலைப்படாதே" என்றேன். நான் சொன்னது பொய் இல்லை, தம்பி. பத்திரம் பூட்டிய இடத்தில்தான் இருந்தது. அந்தப் பூட்டிய இடம்தான் என்னிடம் இல்லை.

ஆறாம் வகுப்பில் உனக்குக் கணக்குச் சொல்லித் தந்தபோது செய்ததுபோல் முதல் வரியிலிருந்து வருகிறேன். எங்கள் கல்யாணத்துக்கு உன் அப்பா வாங்கித் தந்த பச்சை அலமாரி உனக்கு நினைவிருக்கும். அதன் இடப்பக்கம் சின்னதாக ஓர் உள்ளறை, தனிப் பூட்டு. உன் பத்திரத்தை அதில்தான் வைத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாடியில் குடியிருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரர், "சார், துணி வைக்க இடமில்ல, அந்த அலமாரி சும்மாதானே நிக்குது" என்று கேட்டார். கொடுத்தேன். உள்ளறையின் சாவியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். நீ கேட்பாய், பத்திரத்தை எடுத்துவிட்டுக் கொடுப்பதற்கென்ன என்று. நியாயமான கேள்வி. அலமாரி எங்கே போகிறது, என் தலைக்கு மேலேதானே போகிறது என்று நினைத்தேன். வங்கி லாக்கருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இதற்குப் பதினெட்டுப் படிதான்.

ஜெராக்ஸ்காரர் இரண்டாவது மெஷினுக்குக் கடன் வாங்கியிருக்கிறார். கட்ட முடியவில்லை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, நான் கண் ஆஸ்பத்திரியில் மோவாயை நீட்டி மெஷினில் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கடன் வசூல் அலுவலகத்து ஆட்கள் வேனோடு வந்து கடையிலும் மாடியிலும் இருந்த சாமான்களை, நம் அலமாரியோடு சேர்த்து, ஜப்தி செய்து கொண்டுபோய்விட்டார்கள். உன் அக்கா படியில் குறுக்கே நின்று, "அது எங்கப்பா வாங்கிக் குடுத்தது, வச்சிட்டுப் போங்க" என்று கத்தியிருக்கிறாள். "ரசீது இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு இறக்கிவிட்டார்கள்.

மறுநாளே அந்த அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் நல்ல மனிதர். பேசும்போதெல்லாம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்தார். "அலமாரி உங்களதுன்னா ரசீதைக் காட்டுங்க சார், எடுத்துட்டுப் போங்க" என்றார். ரசீது அலமாரியின் உள்ளறையில் இருக்கிறது என்றேன். "அப்ப திறந்து எடுங்க." சாவியை எடுத்தேன். "இருங்க இருங்க, ஜப்தி பண்ண பொருளைச் சொந்தக்காரர்தான் திறக்கலாம்." நான்தான் சொந்தக்காரன் என்றேன். "அதுக்குத்தான் சார் ரசீது கேக்குறேன்." முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். வட்டத்துக்கு ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை என்று எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அதற்குள்ளே நின்று பார்த்தது அன்றைக்குத்தான். கடைசியில் அவரே இரக்கப்பட்டு, "ஒண்ணு பண்ணுங்க. ஆன்லைன்ல ஏலம் வரும். பழைய அலமாரியை யார் எடுக்கப் போறா? ஆயிரத்து ஐந்நூறுல முடிஞ்சிடும்" என்றார்.

முடிந்திருக்கும், தம்பி. சத்தியமாக முடிந்திருக்கும். நான் மட்டும் வாயை, அதாவது விரலை, வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்.

ஏல இணையதளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே "கேள்வி கேட்க" என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் குணம் உனக்குத் தெரியும். சந்தேகத்தைக் கேட்காதவன் தேற மாட்டான் என்று எத்தனை தலைமுறைக்குச் சொல்லியிருக்கிறேன்! உட்கார்ந்து, பிழையில்லாமல், இப்படி எழுதினேன்: "ஐயா, பொருள் எண் 31-இன் இடப்பக்க உள்ளறையில் விலைமதிப்பே சொல்ல முடியாத பொருள் ஒன்று இருக்கிறது. அது இன்னும் பத்திரமாக உள்ளே இருக்கிறதா என்று தயவுசெய்து அலமாரியை ஆட்டிப் பார்த்துச் சொல்லவும்." அன்று மாலையே பதில் வந்தது: "ஆட்டிப் பார்த்தோம். சத்தம் வருகிறது."

நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் ஜெராக்ஸ்காரர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "சார், என்ன சார் எழுதி வச்சிருக்கீங்க? இது எல்லார் கண்ணுக்கும் தெரியும் சார்!" ஓர் உதாரணம் சொன்னால் உனக்கு விளங்கும். பரீட்சை அறையில் ஒரு பையன் எழுந்து, "சார், அஞ்சாவது கணக்குக்கு விடை நாப்பத்தெட்டுதானே?" என்று சத்தமாகக் கேட்கிறான் என்று வைத்துக்கொள். அதற்குப் பிறகு அறையில் யாருக்காவது வேறு விடை வருமா? அந்தப் பையன் நான்தான். அதுவரை பொருள் எண் 31-ஐ இரண்டு பேர் பார்த்திருந்தார்கள், இருவருமே நான். அன்று மதியத்துக்குள் நானூற்றுப் பத்துப் பேர்.

ஏலம் நேற்றுக் காலை பத்திலிருந்து பதினொன்று வரை. கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும் என்பது விதி. சாப்பாட்டு மேசையில் என் கம்ப்யூட்டர், வலப்பக்கம் உன் அக்கா, இடப்பக்கம் ஜெராக்ஸ்காரர். ஆயிரத்து இருநூறில் ஆரம்பித்தது பத்தே காலுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டியது. பெயர் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். நான் இருபத்தாறு. ஒவ்வொருவராகக் கழன்று, பதினொரு மணிக்கு மிஞ்சியவர் ஒருவர்தான், எண் பதினாலு. நான் ஐந்நூறு ஏற்றினால் அவரும் ஐந்நூறு ஏற்றுவார், நாலரை நிமிடம் கழித்து, நான் மூச்சு விட ஆரம்பிக்கும்போது. அவசரத்தில் ஒருமுறை நானே என்னை மிஞ்சி ஐந்நூறு ஏற்றிவிட்டேன். ஜெராக்ஸ்காரர் தன் போனில் தன்னுடைய பொருட்களின் ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "சார், என் மெஷின் ஒன்பதாயிரத்துக்குப் போயிடுச்சு. புது டிரம் போட்டு ஆறு மாசம்தான் ஆகுது. உங்க அலமாரி இருபத்தெட்டாயிரத்துல நிக்குது. நான் தொழிலை மாத்தியிருக்கணும் சார்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். உன் அக்கா அவர் பக்கம் தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

எனக்கு விட்டுவிடலாம் போலிருந்தது. ஆனால் உன் அக்கா, கீரைக்கட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் போய்ப் பேரம் பேசுகிறவள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்ன பாத்துட்டு இருக்கீங்க? ஏத்துங்க" என்றாள். "முப்பத்தஞ்சு ஆயிடுச்சும்மா." "ஆகட்டும். விடாதீங்க." தம்பி மேல் அக்காவுக்கு எவ்வளவு பாசம் என்று என் கண் கலங்கியது. முப்பத்தெட்டாயிரத்தில் பதினாலாம் எண் ஓய்ந்தது. என் இடது கண் அறுவைக்கு எடுத்து வைத்த பணத்தை அப்படியே கட்டிவிட்டேன். அதனால் என்ன, ஓர் அலமாரியைப் பார்க்க ஒரு கண் போதும்.

நாளை காலை வேன் வருகிறது. திறந்தவுடன் பத்திரத்தை எடுத்து அனுப்புகிறேன். ஆட்டிய ஆட்டத்தில் கிழிந்திருந்தால் என்ன செய்வது, ஈரம் பட்டிருந்தால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே சாவிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். உன் வீட்டை வாங்குகிறவரிடம் அதுவரை எதுவும் சொல்லாதே. நம்பி ஒப்படைத்ததை இப்படி வீதிக்கு அனுப்பிய அத்தானை மன்னித்துவிடு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். சந்தேகத்தை மட்டும் ஆசிரியரின் காதோடு கேட்கட்டும். வீடு நல்ல விலைக்குப் போகட்டும். எல்லா நலமும் உன்னை வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உன் அத்தான்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் வேன் வந்துவிட்டது. வேனுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் ஒருவர் வந்தார். பழைய இரும்புக் கடைக்காரராம். "நான்தான் சார் பதினாலு. உள்ள என்னதான் இருக்குன்னு பாக்கலேன்னா எனக்குத் தூக்கம் வராது" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர், வேன்காரர், ஜெராக்ஸ்காரர், உன் அக்கா எல்லாரையும் சாட்சியாக வைத்துக்கொண்டு உள்ளறையைத் திறந்தேன். ரசீது இருந்தது. பத்திரம் இல்லை. மீதி இடம் முழுக்கக் கோலிக்குண்டு, பம்பரம், உண்டிவில், உடைந்த பொம்மைக் கார். பதினாலாம் எண்காரர், "இதுக்கா சார் முப்பத்தேழரை வரைக்கும் போனேன்?" என்று படியில் உட்கார்ந்துவிட்டார்.

உன் அக்கா உள்ளே போய் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். உன் பத்திரம்! அலமாரி மாடிக்குப் போன அன்றே எடுத்து வைத்தாளாம். "பத்திரம் எங்கயாவது கலகலன்னு சத்தம் போடுமா? வாத்தியாராம்!" என்றாள். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா அலமாரியை விட்டிருப்பீங்க. நீங்க இரவல் குடுத்தது எதுவும் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததில்ல. எங்கப்பா குடுத்தது, இது ஒண்ணாவது வரட்டும்னு பேசாம இருந்தேன்."

பத்திரம் இத்துடன் இருக்கிறது. கவரின் மூலையில் உருண்டையாகத் தட்டுப்படுவது வேறு. அந்த உள்ளறைச் சாமான்கள் நான் வகுப்பில் பறிமுதல் செய்தவை. ஓய்வு பெற்ற அன்று மேசையிலிருந்து கொண்டுவந்து பத்திரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு மறந்தே போனேன். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் ஒரு சீட்டு. உன்னுடையதில், "ஆறாம் வகுப்பு, கடைசி பெஞ்ச், தகர விசில். ஆண்டு இறுதியில் திருப்பித் தரப்படும்" என்று இருக்கிறது. "மூணு நாள் அழுதான் அவன். புடுங்கின வாத்தியாரையே பிடிச்சு எனக்குக் கட்டி வச்சாங்க" என்கிறாள் உன் அக்கா. ஆண்டு இறுதி கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது, தம்பி. துடைத்து ஊதிப் பார்த்தேன். சத்தம் வருகிறது.